ஒரு மணி நேரத்தின் விலை



இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் மாற்றம். தோட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர் வாயில் முதலில் வருவது, “எல்லாம் போச்சு” என்பதுதான். பால்மரம் போயிற்று, லயம் போயிற்று, ஆயாக் கொட்டகை போயிற்று, கோயில் மட்டும் நிற்கிறது என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் போனவற்றைக் கணக்கெடுக்கும் நாம், கையில் மிஞ்சியிருப்பதைக் கணக்கெடுப்பதில்லை. குறிப்பாக, பெண்களின் கையில் மிஞ்சியிருப்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பெண்களே எண்ணிப் பார்ப்பதில்லை. அதைத்தான் இன்று எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

முதலில் சற்றுப் பின்னோக்கிப் போவோம். நம் பாட்டிமார் காலத்தில் தோட்டத்துப் பெண்ணின் ஒரு நாள் உழைப்புக்கு என்ன விலை தெரியுமா? 1928-ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளர்களுக்கென நிர்ணயித்த கூலி, போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில், ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அதுவும் குறைக்கப்பட்டது.

பத்துக் காசுதானே வித்தியாசம் என்று நினைக்கலாம். ஐந்தில் ஒரு பங்கு அல்லவா அது! ஆண் நான்கு நாளில் பெற்றதைப் பெற, பெண் ஐந்து நாள் உழைக்க வேண்டும். அந்த நாற்பது காசும் காட்டில் செய்த வேலைக்கு மட்டுமே. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, சோறு பொங்கி, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டு ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, பிறகுதான் காட்டுக்குள் நுழைவாள். குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். ஆகவே வெயில் ஏறுமுன் வெட்டி முடிக்க வேண்டும். பால் எடுத்து, தூக்கிக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்து, வீடு திரும்பினால் துணி, தண்ணீர், விறகு, மறுபடியும் அடுப்பு. காட்டுக்கு முன்னும் பின்னும் செய்த இந்த வேலைகளுக்குப் பெரட்டில் பெயரும் இல்லை, சம்பளப் புத்தகத்தில் வரியும் இல்லை.

நம் மக்கள் இதையெல்லாம் வாய் மூடிப் பொறுத்துக்கொண்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் அதன் தலைவர்களுள் ஒருவர். கூலி உயர்வு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகிய கோரிக்கைகளோடு, தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்குத் தொல்லை தரக்கூடாது என்பதும் ஒரு கோரிக்கையாக எழுதப்பட்டிருந்தது. துப்பாக்கியைக் கொண்டுதான் அந்தப் போராட்டத்தை அடக்கினார்கள். பெண்ணின் மானம் ஒரு தொழிற்சங்கக் கோரிக்கையாக எழுந்த மண், நாம் வாழும் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு. இதை நம் பெண் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அடுத்து, தோட்டம் மறைந்த கதை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடல். பிறகு ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு நகரம் வளர்ந்து காட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. சுபாங் ஜெயா நின்றுகொண்டிருப்பது சீபீல்டு தோட்டத்து மண்ணில்; 1976-இல் அதன் வேலை தொடங்கியது. பண்டார் உத்தாமா இருந்த இடம் எப்பிங்காம் தோட்டம். அங்குள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. புத்ராஜெயா எழுந்தது பிராங் புசார் தோட்டத்தில். ஷா ஆலம் நகரத்துக்கடியில் சுங்கை ரெங்கம் தோட்டம் கிடக்கிறது. இன்று அடுக்குமாடி நிற்கும் இடத்தில் எந்தப் பாட்டி எந்த நிரையில் வெட்டினாளோ!

வேலை போனபோது வீடும் சேர்ந்து போயிற்று. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டியவை அல்லவா? ஆண்கள் லாரி ஓட்டவும் காவல் வேலைக்கும் போனார்கள். இளம்பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். 1972 முதல் சுங்கைவேயில் சுதந்திர வாணிப வட்டாரம் திறந்தது. மின்னியல் தொழிற்சாலைகளுக்கு விரைவாக வேலை செய்யும் பெண் கைகள் தேவைப்பட்டன. தாய் பால்வாளி தூக்கினாள். மகள் சீருடை அணிந்து தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினாள். மாதச் சம்பளம் அவள் பெயரில் வந்தது. பல குடும்பங்களில் ஒரு பெண்ணின் பெயரில் வங்கிப் புத்தகம் வந்தது அப்போதுதான்.

ஆனால் கைக்குழந்தை உள்ளவர்களும் நாற்பது வயதைத் தாண்டியவர்களும் ஐந்தாவது மாடி வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து லயத்து அக்காள் இல்லை, ஆயாக் கொட்டகை இல்லை. காலமெல்லாம் உழைத்த பெண்ணுக்கு “சும்மா இருக்கிறாள்” என்ற பெயர் வந்து சேர்ந்தது.

பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது ஒரு படிவம் நிரப்புவோம். அதில் தாயின் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் “குடும்ப மாது” என்று எழுதுவார்கள். ஆண்டுதோறும் அந்தப் படிவங்களை வாங்கி அடுக்குகிறவள் நான். “குடும்ப மாது” என்று எழுதிய தாய்மார்களில் ஒருத்தி வாரத்துக்குப் பத்து ரவிக்கை தைக்கிறாள். ஒருத்தி கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மாலை கட்டுகிறாள். ஒருத்தி முறுக்கும் அதிரசமும் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறாள். ஒருத்தி மூன்று வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். “இது உன் தொழில்தானே அம்மா, எழுதலாமே?” என்றால், “அது என்ன தொழில் டீச்சர், சும்மா கை வேலை” என்று சிரிப்பார்கள்.

தாய்மார்களே, நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். அந்தக் காலத்தில் பெண்ணின் நாளுக்கு 40 காசு என்று விலை குறித்தது வெள்ளைக்காரத் துரைமார் காலத்துச் சட்டம். இன்று வீட்டில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணின் மணிக்கு விலை குறிப்பவள் அவளேதான். அவளோ அதைவிடக் குறைத்துக் குறிக்கிறாள். சில வேளை விலையே குறிப்பதில்லை.

தையலையே எடுத்துக்கொள்வோம். அதற்கு நம்மைச் சுற்றியுள்ள பெரிய பள்ளிக்கூடம் கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா. இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1863-இல் அங்கே எழுப்பிய பள்ளிவாசலின் பெயரே அந்தச் சாலைக்கும் நிலைத்தது. தீபாவளிக்கு முன் தோட்டத்துச் சனங்கள் பேருந்து ஏறி அங்கேதான் துணி எடுக்கப் போனார்கள். கிள்ளானில் இருப்பவர்களுக்குத் தெங்கு கிளானா சாலை உண்டு, பிரிக்பீல்ட்ஸ் உண்டு, இருந்தாலும் மஸ்ஜித் இந்தியாவுக்குப் போய்வந்தால்தான் தீபாவளி வந்ததாகச் சிலருக்கு மனம் ஒப்பும். இன்று கிள்ளானிலிருந்து இரயில் ஏறி, பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம்.

ஒரு முறை வாங்குகிறவராகப் போகாமல், படிக்கிறவராகப் போய்ப் பாருங்கள். ஒரே சாலையில் பட்டுச் சேலையும் பஞ்சாபி உடையும், பக்கத்திலேயே பாஜு கூரோங் துணியும் தூடோங்கும் தொங்குகின்றன. சேலை எடுத்தவளுக்கு உடனே மூன்று வேலை நடக்க வேண்டும். ரவிக்கை தைக்க வேண்டும். அதற்கு உள்துணி வைக்க வேண்டும். சேலையின் கீழ் ஓரத்துக்கு ஃபால்ஸ் வைத்து அடிக்க வேண்டும். பாஜு கூரோங் எடுத்தவளுக்கும் தையல்காரி வேண்டும். நம் கை ரவிக்கைக்குப் பழகிய கை. பாஜு கூரோங் வேறு வெட்டு. அது உடலைப் பிடிக்காமல் தளர்வாக விழ வேண்டும். பக்கத்துக்குப் ‘பெசாக்’ என்ற துண்டும், அக்குளுக்குக் ‘கெகெக்’ என்ற சிறு துண்டும் வைப்பார்கள். தெலோக் பெலாங்கா பாணியென்றால் கழுத்து ஓரத்தைத் ‘துலாங் பெலுட்’ என்ற கைத்தையலால் நெருக்கமாகக் கட்டுவார்கள். விலாங்கு மீனின் முள்போல் இருப்பதால் அந்தப் பெயர். பொறுமையுள்ள கைக்கு இது எட்டாத வித்தையல்ல.

இரண்டும் தெரிந்த தையல்காரிக்கு ஆண்டில் இரண்டு அறுவடை. தீபாவளி ஐப்பசியை ஒட்டியே வரும். நோன்புப் பெருநாளோ ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே போகும். 2005-இலும் 2006-இலும் இரண்டும் ஒரே வாரத்தில் வந்தன. தையல்காரிகள் தூக்கமில்லாமல் தவித்திருப்பார்கள். 2025-இல் பெருநாள் மார்ச்சு முடிவில், தீபாவளி அக்டோபரில். ஆகவே சுவரில் நாள்காட்டியை மாட்டி, எத்தனை உருப்படி முடியுமோ அத்தனைக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள். அதற்கு மேல் வருவோரைப் பண்டிகைக்குப் பிறகு வரச் சொல்லத் தயங்காதீர்கள். வாக்குத் தவறிய தையல்காரிக்கு அடுத்த ஆண்டு வாடிக்கை இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் விலைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

உள்துணி வைத்த ரவிக்கை ஒன்று. உள்துணி 8 வெள்ளி. நூல், கொக்கி 2 வெள்ளி. மின்சாரம், இயந்திரத் தேய்மானம் 2 வெள்ளி. சாமான் வாங்கப் போய்வரும் பயணச் செலவில் இந்த ரவிக்கையின் பங்கு 3 வெள்ளி. ஆக, செலவு 15 வெள்ளி. இனி நேரம். அளவெடுத்து வெட்ட ஒரு மணி. இயந்திரத்தில் தைக்க மூன்று மணி. கொக்கி வைத்துக் கைவேலை முடிக்க ஒரு மணி. மொத்தம் ஐந்து மணி நேரம்.

தெரிந்தவர்கள்தானே என்று 35 வெள்ளி வாங்குகிறீர்கள். செலவு போக மிஞ்சுவது 20 வெள்ளி. ஐந்து மணிக்கு வகுத்தால் மணிக்கு 4 வெள்ளி. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இருக்கிறது. 2013-இல் அது தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2025-இல் 1,700 வெள்ளியானது. மணிக்கணக்கில் அது 8 வெள்ளி 17 காசு. அதாவது ஒரு முதலாளி உங்களுக்கு மணிக்கு 4 வெள்ளி கொடுத்தால் அது சட்டப்படி குற்றம். அதே கூலியை உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொண்டால் கேட்க யாரும் இல்லை!

அந்த ஐந்து மணிக்குச் சட்டக் கூலியே போட்டாலும் 40 வெள்ளி 85 காசு. செலவு 15 வெள்ளியையும் கூட்டினால் 55 வெள்ளி 85 காசு. இதற்குக் கீழே போனால் உங்கள் கைக்காசைப் போட்டுப் பிறருக்குத் தைத்துக் கொடுப்பதாகத்தான் பொருள். சொந்தக்காரருக்குச் சலுகை காட்ட வேண்டாமா என்று கேட்பீர்கள். காட்டுங்கள். ஆனால் முழு விலையைச் சொல்லி, “உனக்காக இவ்வளவு குறைத்தேன்” என்று சொல்லிக் காட்டுங்கள். விலை தெரியாமல் போனால் உங்கள் பெருந்தன்மையும் தெரியாமல் போய்விடும். மாலை கட்டுவோரும் பலகாரம் செய்வோரும் இதே முறையில் கணக்குப் போடலாம்.

கணக்குத் தெரிந்தபின் செய்ய வேண்டியவை சில உண்டு.

ஒன்று, கைத்திறனுக்குச் சான்றிதழ். “நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், எனக்கு யார் சான்றிதழ் தருவார்கள்?” என்று கேட்கலாம். மலேசியத் திறன் சான்றிதழைப் பெற வகுப்பில் உட்கார்ந்து படிப்பது மட்டும்தான் வழியென்பதில்லை. முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. பல ஆண்டு செய்த வேலைக்கான சான்றுகளையும் படங்களையும் தொகுத்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர்கள் பார்த்து மதிப்பிடுவார்கள். மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டு இலாகாவில் விசாரியுங்கள். புதிதாகக் கற்க விரும்பினால் கியாட்மாரா நிலையங்கள் இருக்கின்றன. சமூகக் கல்லூரிகளில் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன.

இரண்டு, தொழிலைப் பதிவு செய்தல். மலேசிய நிறுவன ஆணையத்தில், அடையாளக் கார்டில் உள்ள உங்கள் சொந்தப் பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி. தொழிலுக்குத் தனிப்பெயர் வைத்தால் 60 வெள்ளி. பதிவு இருந்தால் தொழிலின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம். கடனுதவிக்கு மனுச் செய்யலாம். கணவர் பெயரில் பதிந்தால் என்ன என்று கேட்காதீர்கள். தைப்பது யாரோ, அவர் பெயரில் பதியுங்கள்.

மூன்று, முதல். ஆலோங்கிடம் கைநீட்டாதீர்கள், அந்த வட்டி பிள்ளையின் படிப்பையும் சேர்த்து விழுங்கிவிடும். தெக்குன் நிறுவனத்தில் இந்தியத் தொழில்முனைவோருக்கு ஸ்புமி என்ற திட்டம் உண்டு. 1987-இல் தொடங்கிய அமானா இக்தியார், பிணையில்லாமல் சிறு கடன் தருகிறது. 2024-இல் இந்தியப் பெண்களுக்கென்றே 50 மில்லியன் வெள்ளி ஒதுக்கி, ‘பெண்’ என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். எந்தக் கடனும் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன்தான். இயந்திரம் வாங்கக் கடன் வாங்கலாம். கல்யாணத்துக்கு மொய் வைக்கத் தொழில் கடனைத் தொடக்கூடாது.

நான்கு, பாதுகாப்பு. வீட்டிலிருக்கும் பெண்களுக்கென்று சொக்சோவில் 2022 டிசம்பர் முதல் ஒரு திட்டம் நடப்பில் இருக்கிறது. 55 வயதுக்கு உட்பட்டவர்கள் சேரலாம். ஆண்டுச் சந்தா 120 வெள்ளி. வீட்டு வேலையின்போது விபத்து நேர்ந்தாலும், வேலை செய்ய முடியாதபடி நோய் வந்தாலும் உதவி கிடைக்கும். சமையற்கட்டில் வழுக்கி விழுவதும் வேலையில் நேர்ந்த விபத்துதான் என்று ஒரு சட்டம் ஏற்றுக்கொண்டிருப்பது சாதாரண விஷயமா? பெரட்டில் எழுதப்படாத நம் பாட்டிமாரின் வேலை, இப்போதுதான் ஓர் ஏட்டில் எழுதப்படுகிறது.

எல்லாரும் தொழில் நடத்தித்தான் ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு மாதச் சம்பளமே நிம்மதி. கடையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்வோர் தங்கள் உரிமையைத் தெரிந்து வைத்திருங்கள். 2023 சனவரி முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சேமநிதியும் சொக்சோவும் கட்டப்படுகின்றனவா என்று பாருங்கள்.

இங்கே ஆண்களிடமும் ஒரு வார்த்தை. மனைவி தைத்தால் குடும்பத்துக்கு வருமானம் என்று மகிழ்கிறோம். அந்த ஐந்து மணி நேரம் எங்கிருந்து வரும்? அவள் தூக்கத்திலிருந்துதான் வரவேண்டுமா? பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும், மாலையில் பாத்திரம் கழுவுவதும் ஆண்பிள்ளைக்கு அடுக்காத வேலைகள் அல்ல. மாமியார்மாரே, நீங்கள் காட்டுக்குப் போனபோது உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா இருந்தாள். இன்று உங்கள் மருமகளுக்கு அந்த ஆயாக் கொட்டகை இல்லை. இரண்டு மணி நேரம் பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டால், அது அவள் தொழிலுக்கு நீங்கள் போட்ட முதல்.

விலை கேட்பது பெண்ணுக்கு அழகா என்று தயங்குவோருக்கு ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ராசம்மா பூபாலன் 1943-இல், பதினாறு வயதில், தம் அக்காளோடு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனவர். தோட்டத்துப் பெண்கள் பலரும் அப்படையில் இருந்தார்கள். போர் முடிந்தது, படை கலைந்தது. அவர் வீட்டில் முடங்கவில்லை. படித்து ஆசிரியையானார். அந்நாளில் ஒரே வகுப்பில் ஒரே பாடம் நடத்திய ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம். 1960-இல் பெண் ஆசிரியர்களுக்கென்று ஒரு சங்கம் அமைந்தபோது அவரே அதன் முதல் தலைவி. சம வேலைக்குச் சம சம்பளம் என்று அவர்கள் விடாமல் கேட்டார்கள். அறுபதுகளின் முடிவில் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. நான் மாதந்தோறும் வாங்கும் சம்பளத்தில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லையென்றால், அதற்கு அந்தப் பெண்கள்தான் காரணம். பின்னாளில் அவர் கோலாலம்பூரில் வறிய குடும்பத்துப் பெண்களின் தொழிற்பயிற்சிக்காகவும் பாடுபட்டார். கேட்டதால் அவர் மதிப்புக் குறையவில்லை, கூடியது.

சகோதரிகளே, தோட்டம் நமக்கு மீண்டும் வரப்போவதில்லை. அதில் வருந்தத்தக்கதும் உண்டு, வருந்த வேண்டாததும் உண்டு. நிரையும் கோடும் பார்த்து, மரத்துக்குக் காயம் படாமல் மயிரிழை கனத்தில் பட்டை சீவிய கை, ஊசியையும் கத்தரியையும் பிடிக்கத் தயங்க வேண்டியதில்லை. அந்தக் கைக்கு ஒரு பெயரும், அதன் நேரத்துக்கு ஒரு விலையும்தான் வேண்டும்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வீட்டுப் பாடம் தருகிறேன். ஆசிரியை அல்லவா, அது இல்லாமல் முடியாது. ஏழு நாளும் காலை முதல் இரவு வரை செய்த வேலைகளையும், அவற்றுக்கு ஆன நேரத்தையும் ஒரு புத்தகத்தில் எழுதுங்கள். எழுத வராதவர்கள் மகளை எழுதச் சொல்லுங்கள். கூலி வந்த வேலைக்கு எதிரே கூலியை எழுதுங்கள். வராத வேலைக்கு எதிரே நேரத்தை மட்டும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு அதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படியுங்கள். எழுதிக் கொடுக்கிற மகளுக்கு அதைவிட நல்ல கணக்குப் பாடத்தை எந்தப் பள்ளியும் கற்பிக்க முடியாது.